டான் ஆ டெக் மாதிரி ஓர் அப்பா நம் வீடுகளில் இருந்தாரா?

ஈசூன்வாசி:

டான் ஆ டெக்காக நடித்த மோசஸ் லிம் 2025 பிப்ரவரியில் காலமானதிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்டர் ஒன் ரூஃப் என்ற சிங்கப்பூர் நகைச்சுவைத் தொடரின் துணுக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. யாராவது ஒருவர் தவறாமல் கீழே எழுதிவிடுகிறார்: "அந்தக் காலத்து அப்பான்னா இவர்தான்". அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. டான் ஆ டெக் அந்தக் காலத்து அப்பாவே இல்லை. அந்தக் காலத்து அப்பாவிடம் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பார்க்காத இளையவர்களுக்காகச் சுருக்கமாக. 1995 முதல் 2003 வரை ஒளிவழி 5இல் வந்த தொடர். பீஷானில் ஒரு வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. ஆ டெக் மினிமார்ட் நடத்துபவர். மனைவி டாலியாக கோ சியெங் முன், பிள்ளைகள் பால், ரோனி, டெனிஸ் ஆக ஆண்ட்ரூ லிம், நிக்கலஸ் லீ, வெர்னெட்டா லோபெஸ். பக்கத்து வீட்டில் யூசோஃப், ரோஸ்னா தம்பதி. வீட்டில் ஏதாவது தகராறு முற்றினால் ஆ டெக் தொண்டையைச் செருமிக்கொண்டு "உங்கள் காலத்துக்கு ரொம்ப முன்னாடி, சீனாவின் தென் மாநிலத்தில்..." என்று ஒரு கதையை எடுப்பார். பிள்ளைகளுக்கு ஐயோ ஆரம்பிச்சுட்டாரே என்று இருக்கும். கதையும் எங்கெங்கோ சுற்றும். ஆனால் அந்தச் சுற்றலுக்குள் கோபம் எப்படியோ தணிந்திருக்கும்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். அந்த நாளில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் வாசலில் ரோத்தான் கட்டுக்கட்டாகத் தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? மெல்லிய பிரம்பு, கைப்பிடிப் பக்கம் வளைத்து, சிவப்பும் பச்சையும் நீலமுமாக பிளாஸ்டிக் உறை போட்டது. துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவில் அதுவும் ஒரு வீட்டுச் சாமான். எங்கள் வீட்டில் அதற்கு டீவிக்குப் பின்னால் ஓர் ஆணி. அப்பா அதை எடுத்த நாட்கள் குறைவு, எடுக்க வேண்டிய அவசியமே வராது, அது அங்கே தொங்கினாலே வீடு அடங்கிக் கிடக்கும். அப்பாவோடு நான் பேசியதெல்லாம் "சாப்பிட்டாச்சா", "ரிப்போர்ட் புக் எங்கே", "சரிப்பா". அவ்வளவுதான்.

ஆ டெக்கோ ரோத்தான் விற்கிற கடையின் முதலாளி. அவர் கையில் எடுத்தது கதையை. பிள்ளைகள் குறுக்கே பேசலாம், கிண்டல் செய்யலாம், டாலி ஒரே வாக்கியத்தில் அவர் வாயை அடைக்கலாம். அப்படியும் அவர் மரியாதை குறையவில்லை. நாம் இழந்துவிட்டதாக நினைத்து ஏங்குகிற அந்த அப்பா நமக்குக் கிடைத்ததே இல்லை, திரையில்தான் பார்த்தோம் என்பது என் கட்சி. உங்கள் வீட்டில் எப்படி?

தேக்காதம்பி:

எங்கள் வீட்டில் ஆயாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் அந்தத் தொடர் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். இப்போது போல முழுநேர வசந்தம் ஒளிவழி அப்போது ஏது, அது 2008 அக்டோபரில்தானே வந்தது. தமிழ் நிகழ்ச்சி நேரம் முடிந்தால் வேறு எது ஓடுகிறதோ அதைத்தான் பார்ப்போம். ஆ டெக் அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாலே ஆயா சிரிக்க ஆரம்பித்துவிடுவார். "மனுஷன் நல்லவன்டா" என்பார்.

கடைக்காரர்மகள்:

ஈசூன்வாசி அண்ணே, உங்கள் பதிவு பிடித்தது, ஆனால் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள் என்ற முறையில் கொஞ்சம் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

என் அப்பா அங் மோ கியோவில் புளோக்குக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருந்தார். காலை ரொட்டி வண்டி வருவதற்குள் ஷட்டரைத் தூக்க வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல்தான் இறக்க முடியும். ஞாயிறும் கிடையாது, தீபாவளி அன்று மட்டும் அரை நாள். கடன் வாங்குபவர்களுக்கு ஆளுக்கொரு 555 நோட்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு, அதை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார். யார் வீட்டில் எப்போது சம்பளம் வரும், யார் வேலை போய் உட்கார்ந்திருக்கிறார், யாரிடம் இந்த மாதம் கேட்கக் கூடாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்புறம் பக்கத்திலேயே பேரங்காடி வந்தது. அரிசி மூட்டைக்கு நாங்கள் கொடுக்கும் கொள்முதல் விலைக்கே அவர்கள் விற்றார்கள். கடன் நோட்டுக்காரர்கள் மட்டும் எங்களிடம் வந்தார்கள், கையில் காசு இருப்பவர்கள் அங்கே போனார்கள். அந்தக் கவலையெல்லாம் சுமந்துகொண்டு மேலே ஏறி வருகிற மனிதர் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து கதை சொல்வாரா? சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே தூங்கிப் போன அப்பாவை எனக்குத் தெரியும்.

ஆ டெக்கின் மினிமார்ட்டை நான் பார்த்ததெல்லாம் இந்தக் கண்ணோடுதான். கடைக்காரருக்கு இவ்வளவு ஓய்வா என்று சின்ன வயதிலேயே தோன்றும். அதனால் அவரை வைத்து என் அப்பாவை அளக்க நான் தயாராக இல்லை.

இன்னொன்று. கதை சொல்பவருக்கு எல்லாரும் கை தட்டுகிறோம். அந்த நேரத்தில் சமைத்து, துவைத்து, பிள்ளைகளுக்கு நடுவில் சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தது டாலி. எங்கள் கடையிலும் மாதக் கடைசியில் கணக்கு முடித்தது அம்மாதான். இழை முழுக்க அப்பாக்களாகப் போகிறதே என்று சொல்லி வைக்கிறேன்.

ஈசூன்வாசி:

சகோதரி, டாலி விஷயத்தில் மறுபேச்சே இல்லை. அந்த வீட்டில் கடைசி வார்த்தை டாலியுடையதுதான்.

உங்கள் அப்பாவை அளக்க நான் ஆ டெக்கைக் கொண்டுவரவில்லை. என் எரிச்சல் வேறு. 'அந்தக் காலத்து அப்பா' என்று ஒரே பெயரில் ரெண்டு பேரையும் கட்டிப் போடுகிறார்கள். அப்படிக் கட்டினால் என்ன ஆகிறது தெரியுமா? பேசாத அப்பாவின் மௌனமும் அழகாகிவிடுகிறது, ரோத்தானும் அழகாகிவிடுகிறது. என் மச்சான் ஒருவர் "நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், ஆ டெக் காலம் அது" என்று தன் பையனை மிரட்டுகிறார். எனக்குத் தெரிந்து ஆ டெக்கின் ஆயுதம் வாய் மட்டும்தான். பிள்ளை அடிப்பதற்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பது அநியாயம்.

செம்பவாங்கார்:

நான் இங்கே எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் இருந்தார். பிரிட்டிஷ்காரன் கடற்படைத் தளமாக இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர், 1968இல் பட்டறையை நம் அரசாங்கத்திடம் ஒப்படைத்தபோது பெயர்தான் மாறியது, அவருக்கு அதே சுத்தியல், அதே துரு. கப்பல் அடியில் துரு தட்டுவது, பெயிண்ட் அடிப்பது, எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவது. அந்தத் தொட்டிக்குள் நாள் முழுவதும் இரும்பு மேல் இரும்பு அடிக்கிற சத்தம். வீட்டுக்கு வந்தால் சட்டையில் தின்னர் வாசம், காதில் இரைச்சல். நாங்கள் ஒன்றைச் சொன்னால் "ஆங்?" என்பார், மறுபடி சொன்னால் தலையாட்டுவார். எங்களோடு பேச விருப்பமில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குக் காது பாதி போய்விட்டிருந்தது என்பது பின்னால் மருத்துவர் சொல்லித்தான் தெரியும்.

ஆகவே ஈசூன் தம்பி, மௌனத்தை அழகாக்க வேண்டாம் என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா மௌனமும் ரோத்தான் மௌனம் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள்.

புக்கிட்_மழை:

செம்பவாங் ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் தாத்தாவுக்கு போன் பண்ணினேன். அவரும் துறைமுகத்தில் இருந்தவர்.

எனக்கு இப்போது 24 வயது. தொடர் முடியும்போது கைக்குழந்தை. மீவாட்ச் இணைய ஒளிபரப்புத் தளத்தில்தான் பார்த்தேன். சில இடங்கள் மெதுவாகப் போகின்றன, சிரிப்பொலி அளவுக்கு மேல் வருகிறது. ஆனாலும் தொடர்ந்து பார்க்க வைத்தது ஒன்று உண்டு, அதை யாரும் இங்கே இன்னும் சொல்லவில்லை. ஆ டெக்குக்கு வீட்டுக்குள் வந்து போகிற நண்பர் இருக்கிறார். யூசோஃப் சர்வ சாதாரணமாக நுழைகிறார், உட்காருகிறார், ரெண்டு பேரும் பிள்ளைகள் முன்னாலேயே சின்னப் பையன்கள் மாதிரி வாதாடுகிறார்கள், அசடு வழிகிறார்கள். அப்பாவை இன்னொருவரின் நண்பராக அந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள்.

என் அப்பாவுக்கும் நண்பர்கள் உண்டு, காப்பிக்கடையோடு சரி. அங்கே அவர் எப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒருமுறை பள்ளி முடிந்து அந்தப் பக்கம் போனபோது தூரத்தில் பார்த்தேன், மேசையைத் தட்டித் தட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார், சுற்றி நாலு பேர் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது, "டியூஷன் இல்லையா?" என்றார். அவரிடம் கதைகள் இருந்திருக்கின்றன அண்ணே. வீட்டுக்குள் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

அப்புறம், மகளாக ஒரு விஷயம். அண்ணன் இரவு பன்னிரண்டு மணிக்கு வந்தாலும் கதவு திறக்கும், நான் ஒன்பதரைக்கு வந்தால் விசாரணை. இதைத் தட்டிக் கேட்கக்கூட எங்கள் வீட்டில் இடமில்லை. டெனிஸ் அப்பாவிடம் எதிர்வாதம் செய்கிற காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

தாளும்பேனாவும்:

எல்லாரும் மனசைத் தொடுகிற மாதிரி எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் வறட்டு விஷயம் பேசுகிறேன். இந்தத் தொடர் எப்போது வந்தது என்பதைப் பாருங்கள்.

1991 ஜனவரியில் அரசாங்கம் பொது விழுமியங்கள் பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஐந்தில் ஒன்று 'குடும்பமே சமுதாயத்தின் அடிப்படை'. நியமன நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் வூன் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995 நவம்பரில் நிறைவேறியது, 60 வயது தாண்டி, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு மனுச் செய்யலாம். அதே 1995இல்தான் மூன்று பிள்ளைகள், ஒரே கூரை, பக்கத்தில் மலாய்க் குடும்பம் என்று ஆ டெக் வீடு திரைக்கு வருகிறது. வீவக வீடுகளில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்ற இன விகித வரம்பு 1989 முதல் நடப்பில் இருந்தது, அதனால் அந்த அண்டைவீட்டு நட்புக்குப் பின்னாலும் ஒரு கொள்கை இருக்கிறது. யாரோ உட்கார்ந்து உத்தரவு போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாட்டுக்கு அப்போது எப்படிப்பட்ட குடும்பம் பிடித்திருந்ததோ அது திரையில் கச்சிதமாகப் பொருந்தியது. 1999இல் பிரதமர் கோ சோக் டோங் தேசிய தினப் பேரணி உரையிலேயே இன்னொரு நகைச்சுவைத் தொடரின் நாயகன் புவா சூ காங் பேசிய சிங்கிலீஷைப் பற்றி, அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தைப் பற்றிப் பேசி, அவரை ஆங்கில வகுப்புக்கு அனுப்பச் சொன்னாரே. நகைச்சுவைத் தொடர்களை மேலே இருப்பவர்கள் அவ்வளவு கவனமாகப் பார்த்த காலம் அது. ஆ டெக்கை அப்படி வகுப்புக்கு அனுப்ப வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

ஆக, ஆ டெக் நம் ஏக்கத்திலிருந்து மட்டும் பிறந்தவர் இல்லை, அந்தக் காலத்தின் அரசியலிலிருந்தும் பிறந்தவர்.

ஈசூன்வாசி:

நண்பரே, தேதிகளை அடுக்கியதற்கு நன்றி, அந்தச் சட்டமும் தொடரும் ஒரே ஆண்டு என்பதை நான் கவனித்ததில்லை. ஆனால் முடிவில் உங்களோடு உடன்பட முடியவில்லை.

சட்டம் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறது: அப்பாவுக்குக் கொடு. ஆ டெக் தொடர் அப்பாவைப் பார்த்துப் பேசுகிறது: பிள்ளைக்கு நேரம் கொடு. கொள்கை விளக்கம் என்றால் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்க வேண்டும், அப்பா சொன்னதே சரி என்று முடிய வேண்டும். அங்கே அப்பா பிடிவாதமாகத் தப்பான பக்கம் நிற்கிறார், தோற்கிறார், அந்தத் தோல்வியிலும் அவர் மேல் பிரியம் கூடுகிறது. எழுதியவர்களுக்கு வீடு என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. டெய்சி இரானி போன்றவர்கள் அந்தத் தொடரில் உழைத்தார்கள், மேடை நாடகப் பின்னணி உள்ளவர் அவர். வெள்ளை அறிக்கையைப் படித்துவிட்டு இப்படி ஒரு மனிதரை உருவாக்க முடியாது.

மோசஸ் லிம்மையும் விட்டுவிடாதீர்கள். மாண்டரின் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் நடித்து வந்தவர், நிஜ வாழ்க்கையில் சாப்பாட்டு ரசிகர், உணவு நிகழ்ச்சிகளும் நடத்தியவர். அந்தக் கதையை அவர் சொல்கிற விதத்தைப் பாருங்கள், முதல் வரிக்குப் பிறகு ஒரு நொடி நிறுத்துவார், கண்ணைச் சுருக்கி எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்ப்பார், யார் எழுந்து ஓடப் பார்க்கிறார்கள் என்று. அப்படிப் பார்ப்பதற்கு உரிமை உள்ளவர் மாதிரியும் இருக்கும், கெஞ்சுவது மாதிரியும் இருக்கும். அது எழுத்தில் வராது, நடிகர் கொண்டுவருவது.

முதியோர்துணை:

நான் மூத்தோர் சேவைத் துறையில் வேலை பார்க்கிறேன், அதனால் சட்டம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 2023இல் அந்தப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். பிள்ளையைக் கைவிட்ட, கொடுமைப்படுத்திய, கவனிக்காமல் விட்ட பெற்றோர் இனி நேராக மனுப் போட முடியாது, முதலில் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். அதற்கு முன்பே சமரசப் பேச்சு கட்டாயமாகிவிட்டது.

வேலையில் பார்ப்பதைச் சொல்ல முடியாது, பொதுவாக ஒன்று மட்டும். பிள்ளைகள் பார்க்க வருவதும் வராததும் பணத்தை வைத்து அமைவது குறைவு. இருக்க இடமே இல்லாத பிள்ளைகள் வாராவாரம் வருகிறார்கள், வசதியானவர்கள் மாதம் பிறந்தால் காசு மட்டும் அனுப்புகிறார்கள். ரெண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது பேச ஒரு விஷயம்கூட இல்லாமல் தவிப்பதுதான் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். "சாப்பிட்டாச்சா" கேட்டாகிவிடும், அடுத்தது என்ன? ஈசூன்வாசி முதல் பதிவில் எழுதியது அப்படியே.

நாங்கள் சில சமயம் பழைய படங்களைக் கொடுத்துப் பேச வைப்போம். பழைய அடையாள அட்டை, வேலையிடப் படம், கம்பத்து வீட்டுப் படம் எதுவானாலும் சரி. "இது எந்த இடம்ப்பா?" என்று மகன் கேட்டால் அப்பா ஆரம்பித்துவிடுவார். வீட்டிலும் செய்து பார்க்கலாம். எடுத்ததும் "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார்கள். சம்பளம் எவ்வளவு, மதியச் சாப்பாடு யார் கொண்டு வந்தது, எந்த பஸ் ஏறினீர்கள், இப்படிக் கேளுங்கள்.

செம்பவாங்கார்:

இந்த யோசனையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். காது சரியில்லாதவர்களிடம் வலப்பக்கம் இடப்பக்கம் எது பரவாயில்லை என்று பார்த்து உட்காருங்கள், டீவியை அணைத்துவிடுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அப்பாவுக்குக் கேட்புக் கருவி வாங்கிக் கொடுத்த பிறகுதான் கப்பல் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எந்தக் கப்பலில் எவ்வளவு துரு, எந்த மேற்பார்வையாளர் கெடுபிடி, யார் தொட்டிக்குள் மயங்கி விழுந்து யார் தூக்கி வந்தது, எல்லாம் இருந்திருக்கிறது உள்ளே. இருபது வயதில் கேட்டிருக்க வேண்டியதை ஐம்பதில் கேட்டேன்.

கடைக்காரர்மகள்:

ஐயா சொன்னதைப் படித்ததும் எனக்கு 555 நோட்டுகள்தான் ஞாபகம் வந்தன. கடையை மூடும்போது வராத கடன்களை அப்பா வசூலிக்கவே இல்லை. நோட்டுகளை மட்டும் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார். அம்மாவுக்கு அது இன்னமும் கோபம். இந்த ஞாயிறு அதை எடுத்து முன்னால் வைத்து, ஒவ்வொரு பெயரும் யார் என்று கேட்கப் போகிறேன். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைப்பேன், அப்பா விடுகிற இடத்தை அவர் நிரப்புவார்.

ஆனாலும் ஈசூன்வாசி அண்ணே, என் கட்சியை நான் விடவில்லை. பன்னிரண்டு பதினைந்து மணி நேரம் நிற்கிற வேலை, பெரிய கடைகளோடு போட்டி, இதையெல்லாம் பேசாமல் "அப்பாக்கள் பேசவில்லை" என்று மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

ஈசூன்வாசி:

சரி, அந்தப் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். களைத்துப் போன அப்பாவையும் பயமுறுத்திய அப்பாவையும் பிரித்துப் பார்க்கிறேன். பயமுறுத்தியவர்களுக்கு ஆ டெக் பெயரை இரவல் கொடுப்பதை மட்டும் விடமாட்டேன், மச்சானுக்கும் இந்த இழையின் இணைப்பை அனுப்பியாகிவிட்டது.

டின்னில் என்ன கிடைத்தது என்று வந்து எழுதுங்கள், சகோதரி.

புக்கிட்_மழை:

டாலிக்குத் தனி இழை தொடங்கிவிட்டேன் அக்கா, வாங்க. முதல் பதிவை நீங்கள்தான் போட வேண்டும்.